ரயிலின் முதுகும் என் வாயும்

மனைவி வேலை முடிந்து வீடு திரும்ப இன்னும் நாலு மணி நேரம் ஐம்பது நிமிஷம் இருந்தது. அதற்குள் ஒரு நாயின் முதுகைச் சத்தம் போடாமல் சரிசெய்துவிடுவது என்று நான் தீர்மானம் செய்தேன்.

சிரிக்காதீர்கள். என் நிலைமையில் இருந்தால் நீங்களும் செய்திருப்பீர்கள்.

நாய் எங்களுடையதுதான். நீள உடம்பு, குட்டைக் கால். தலை சமையலறைக்குள் நுழைந்து, வாடை பிடித்து, ஏமாந்து திரும்பும்போதுதான் வால் வாசற்படியைத் தாண்டும். அதனால் ரயில் என்று பெயர் வைத்தாள் மனைவி. அவள் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸ். ஒருத்தர் செருப்பைக் கழற்றும் அழகைப் பார்த்தே அவருக்கு எங்கே வலி, எத்தனை நாளாக வலி, வீட்டில் யாரிடம் சொல்லாமல் மறைக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவாள். ரயில் வீட்டுக்கு வந்த முதல் நாளே சட்டம் போட்டாள்.

"இந்த வகை நாய்க்கு முதுகுதான் வீக். சோபாவுல ஏறக் கூடாது. ஏறினா குதிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

இதை அவள் ரயிலைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நானோ சோபா விற்கிறவன். பெரிய ஷோரூமில் சேல்ஸ்மேன். 'முதுகுக்கு இதம்' என்று நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். போன மாசம் எங்கள் மேனேஜர் ஓர் அறிவிப்பு செய்தார். ஆளுக்கு ஒரு அரை நிமிஷ வீடியோ எடுத்து வர வேண்டும், சிறந்ததைக் கடை வாசலில் பெரிய திரையில் ஓட்டுவார்களாம். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. அது அப்படி வேலை செய்யும்போதெல்லாம் எனக்குக் கெட்ட நேரம் ஆரம்பமாகிறது என்று ஜாதகம் பார்க்காமலே சொல்லலாம்.

வீடியோவில் ரயில் எங்கள் வீட்டு சோபாவின் சாய்மானத்து உச்சியில் ஏறி ராஜா மாதிரி படுத்திருக்கும். கீழே எழுத்து ஓடும்: 'நாயே இறங்க மாட்டேங்குது, நீங்க ஏன் நிக்கிறீங்க?' இவ்வளவுதான். மூணு வாரமாக, என் விடுமுறை நாள்களில், மனைவி டூட்டிக்குப் போனதும் ஒத்திகை. ரயில் ஏறக் கற்றுக்கொண்டது. படுக்கத்தான் மாட்டேன் என்றது. பிஸ்கட்டைப் பார்த்ததும் உச்சியிலிருந்து நேராகத் தரையில் குதித்தது. பதினாறு தடவை குதித்தது.

பதினேழாவது தடவை, காலை பத்து நாற்பதுக்கு, வீல் என்று கத்தியது.

பின்பக்கம் வழுக்கியதைப் பார்த்தேன். உடனே எழுந்து நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் நின்றது நின்றபடியே நின்றது. முதுகு மேல்பக்கம் வளைந்திருந்தது. தலை தொங்கிவிட்டது. உடம்பு முழுக்க நடுக்கம். பிஸ்கட்டை நீட்டினேன். ரயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்து வருஷத்தில் அது எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி விறைத்திருந்தது. அட, வயிற்று வலி! எனக்கு உயிர் வந்தது. வயிற்று வலி என்றால் யார் மேலும் குற்றமில்லை. வயிற்று வலி தானாக வரும், தானாகப் போகும்.

மாடி வீட்டுக் கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டேன். அன்று அவருக்குப் பள்ளி விடுமுறை. வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார் இதுக்கு?"

"வயித்து வலி சார்."

"வயித்து வலின்னா முதுகு ஏன் வளையுது?"

"நமக்கு வயித்து வலி வந்தா நாம குனியறதில்லையா?"

"அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலையே."

"ஒண்ணும் நடக்காம எப்படி சார் விடை வரும்? ஸ்டெப் எழுதாம நேரா விடையை எழுதறீங்களே."

"சார், இது பரீட்சை இல்ல. வைத்தியம் சொல்லுங்க."

"பிடிப்பா இருக்கும். எண்ணெய் தேச்சு நல்லா அழுத்தி நீவி விட்டா சரியாயிடும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் சரியாச்சு."

"அவரு நாய் இல்லையே சார்."

"முதுகு முதுகுதானே சார்."

எண்ணெய் எடுத்து வந்து, நடு முதுகில் கை வைத்து லேசாக அழுத்தினேன். அவ்வளவுதான். ரயில் அலறிக்கொண்டு என் விரலைக் கவ்வ வந்தது. யாரையும் கடிக்காத நாய். திருடன் வந்தால்கூடச் செருப்பைத்தான் கடிக்கும். வாத்தியார் ரெண்டடி பின்னால் போனார். ரயில் எங்களை விட்டு விலகி நடக்கப் பார்த்தது. முன்னங்கால்கள் நடந்தன. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. வலது பின்பாதம் உள்பக்கமாக மடங்கி, பாதத்தின் மேல்பக்கம் தரையில் உரசியது. நகம் இழுபடும் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

இது வயிறு இல்லை. மனைவி முதல் நாளே சொன்ன அதே முதுகு.

"சார், உங்க வீட்டம்மாவையே கேட்டுடுங்களேன். முதுகெலும்பு அவங்க டிபார்ட்மென்ட் ஆச்சே," என்றார் வாத்தியார்.

"அவகிட்ட கேக்கறதுக்கு நான் இந்த எண்ணெயைக் குடிச்சிடலாம்."

ஆனால் ரயில் என்னைப் பார்த்தது. குதித்தால் பிஸ்கட் தருவேன் என்று என்னை நம்பிய அதே கண். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டே ஆக வேண்டும், மாட்டிக்கொள்ளவும் கூடாது. போனை எடுத்தேன்.

"என்னங்க, டூட்டி நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. கடையில ஒரு கஸ்டமர்..."

"இன்னிக்கு உங்களுக்கு லீவாச்சே."

"லீவுதான். கடையில இருந்து போன் பண்ணாங்க. ஒரு கஸ்டமர் சோபாவுல இருந்து கீழ விழுந்துட்டாராம். உன்கிட்ட யோசனை கேக்கச் சொன்னாங்க."

"எவ்வளவு உயரம்?"

"மூணு அடி. சாய்மானத்துக்கு மேல இருந்து."

"சாய்மானத்து மேல ஏறி உக்காந்தாரா? வயசு என்ன?"

"அஞ்சு."

"என்னது?"

"அ... அம்பத்தஞ்சு."

"நடக்கறாரா?"

"நடக்கறார். பின்னங்கால்தான் பின்னுது."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தக் காலு?"

"பின்னாடி இருந்து பார்த்தா கால் பின்னுதுன்னு சொன்னேன்."

"ம்ம். அவர் ஒண்ணுக்குப் போனாரா?"

குனிந்து பார்த்தேன். ரயிலுக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. ஐந்து வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. விட்டது தெரியாமலே அந்த ஈரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"போயிட்டார்," என்றேன். "நின்ன இடத்துலயே. அவருக்கே தெரியல."

அவள் குரல் மாறியது. அது வார்டுக் குரல். அதில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது.

"நல்லாக் கேட்டுக்குங்க. நீவக் கூடாது. எண்ணெய், தைலம், ஒத்தடம் ஒண்ணும் வேணாம். வீட்ல இருக்கற வலி மாத்திரை ஒண்ணுகூடக் குடுத்துடாதீங்க, அதுவே விஷமாயிடும். சாப்பிடவும் எதுவும் குடுக்காதீங்க. ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தாலும் வரும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை இடுப்புக்குக் கீழ. முதுகு வளையவே கூடாது. பலகையில படுக்க வெச்சு, துண்டால லேசா கட்டி, நேரா டாக்டர்கிட்ட போங்க. லேட் பண்ணா காலு போயிடும்."

"கஸ்டமருக்கா?"

"ஆமா. கஸ்டமருக்குத்தான்."

வைத்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயசுக்காரரை நெஞ்சுக்குக் கீழே ஒரு கை கொடுத்து எப்படித் தூக்குவது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவள் சந்தேகப்படவே இல்லை என்று எனக்குள் ஒரு மூலையில் பெருமைகூட இருந்தது.

பலகைக்கு எங்கே போவது? மனைவியின் அலமாரியைத் திறந்து நடுத்தட்டை உருவினேன். மடித்து வைத்த துணியெல்லாம் தரையில் சரிந்தது. போகட்டும். ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை இடுப்புக்கு. ரயில் முனகியது. அதைப் பலகையில் கிடத்தி, துண்டால் கட்டினோம். முன்பக்கம் வாத்தியார், பின்பக்கம் நான்.

"மட்டமா பிடிங்க சார்!" என்றார் வாத்தியார்.

"மட்டமாத்தான் பிடிக்கிறேன். நீங்கதான் குட்டை."

"முழங்காலை மடக்குங்க அப்ப!"

டாக்சிக்காரரிடம் மெதுவாகப் போங்க என்றேன். மெதுவாகப் போனார். லேட் பண்ணினால் கால் போய்விடும் என்பது ஞாபகம் வந்து வேகமாகப் போங்க என்றேன். வேகமாகப் போனார். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது, ரயில் கத்தியது, மெதுவா மெதுவா என்று நானும் கத்தினேன். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்," என்றார் அவர். வழியெல்லாம் ரயிலின் பின்பாதத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அது அசையவில்லை.

நாய் டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க, உள்ள கொண்டு வாங்க, டேபிள் ரெடியா இருக்கு," என்றார். ஆகா, என்ன சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டேன். பலகையோடு மேஜையில் வைத்தோம். பக்கத்தில் அவருடைய போன் கிடந்தது.

"சார், ஒரு நிமிஷம். போன்ல உங்க..."

"போன் அப்புறம் பேசிக்கலாம் டாக்டர்! முதல்ல நாயைப் பாருங்க!"

"இல்ல சார், உங்க..."

"டாக்டர், காலைப் பாருங்க! காலு!"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ரயில் பக்கம் திரும்பினார். பின்பாதத்தைக் கவிழ்த்து வைத்தார். நரம்பு நன்றாக இருக்கிற நாய் என்றால் உடனே திருப்பி வைத்துக்கொள்ளுமாம். இடது பாதம் மெல்லத் திரும்பியது. வலது பாதம் கவிழ்ந்தபடியே கிடந்தது. பிறகு ஓர் இடுக்கியை எடுத்து வலது காலின் விரலை அழுத்தினார். ரயில் சும்மா இருந்தது. இன்னும் அழுத்தினார். சும்மாவே இருந்தது. டாக்டர் உதட்டைக் கடித்தார். வாத்தியார் வேறு பக்கம் பார்த்தார். மூன்றாவது தடவை பலமாக அழுத்தினார்.

ரயில் தலையைத் திருப்பி, "ஊ..." என்றது.

"வலி தெரியுது," என்றார் டாக்டர். "நல்லது. ரொம்ப நல்லது."

ஓர் உயிருக்கு வலிப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"இப்ப சொல்லுங்க. எப்ப ஆச்சு? எப்படி ஆச்சு?"

"காலையில... சும்மா நடந்துக்கிட்டு இருந்தது. திடீர்னு..."

"சார்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து அடிபட்டதுன்னா ஒரு வைத்தியம், இப்ப பட்டதுன்னா ஒரு வைத்தியம். ஒரு தடவை பட்டதா, பல தடவை பட்டதான்னும் தெரியணும். நீங்க மறைச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அனுபவிக்கப் போறது இது."

ரயில் பலகையில் கிடந்தபடி என் கையை நக்கியது. எண்ணெய் வாசனைக்காக இருக்கலாம். எனக்குத் தாங்கவில்லை. கொட்டிவிட்டேன்.

"பத்து நாற்பதுக்கு டாக்டர். சோபா உச்சியில இருந்து. மூணு வாரமா குதிக்க விட்டேன். மொத்தம் பதினேழு தடவை. ஒரு பாழாப்போன வீடியோவுக்காக! என் வீட்டுக்காரி முதல் நாளே சொன்னா. நான்தான், இவ வீட்டையே வார்டா நடத்தறா, என்னையும் ஒரு பேஷண்டாவே வெச்சிருக்கா, இவ சொன்னா நான் கேக்கணுமான்னு... அவளுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா டாக்டர். உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். ரயிலைக் காப்பாத்துங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மேஜையில் கிடந்த போன் பேசியது.

"டாக்டர், பதினேழு தடவைன்னு எழுதிக்கிட்டீங்களா?"

நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் நானும் அந்த மேஜையில்தான் விழுந்திருப்பேன்.

"அம்பத்தஞ்சு வயசு கஸ்டமர்," என்றது போன். "பின்னங்கால் பின்னுது. உங்ககிட்ட பேசி முடிச்சதும் டாக்டருக்குத்தான் அடிச்சேன். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு சொல்லாம விட்டா நீங்க கொண்டு வருவீங்க, திட்டினா பயந்து ஒளிஞ்சுக்குவீங்க. அதான் சும்மா இருந்தேன். ஏங்க?"

"ம்."

"பர்மிஷன் போட்டுட்டு வரேன். அழாதீங்க."

நான் அழுவது அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார். ரெண்டு நாள் கெடு. அதற்குள் விரலில் உணர்ச்சி குறைந்தால் ஆபரேஷன். குறையாவிட்டால் ஆறு வாரம் கூண்டு. குதி கிடையாது, படி கிடையாது, நடை கிடையாது. ஒண்ணுக்குக்கூட வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கித்தான் கூட்டிப்போக வேண்டும்.

அந்த ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலையே பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ரெண்டாம் நாள் சாயங்காலம், தண்ணீர்க் கிண்ணத்தை வைக்கும்போது, ரயில் வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது. மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆறு வாரம் நான்தான் தூக்கினேன். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். மாத்திரை சாப்பாட்டோடு, வழுக்காத விரிப்பு வீடு முழுக்க, எடை ஏறக் கூடாது என்று அளந்த சாப்பாடு, பிஸ்கட் அறவே கிடையாது. கூண்டுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். மேனேஜரிடம் வீடியோ இல்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனையிலும் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

கடைசிப் பரிசோதனைக்கு முதல் நாள், சாப்பிடும்போது சொன்னாள்.

"நாளைக்கு ரயிலைக் கீழ விட்டு நடக்க வெச்சுப் பார்ப்பாங்க. ஒரு பக்கம் நீங்க நில்லுங்க, ஒரு பக்கம் நான். யார்கிட்ட வருதுன்னு பார்ப்போம்."

"வந்தா?"

"யார்கிட்ட வருதோ அவங்க மேலதான் அதுக்கு உசுருன்னு அர்த்தம்."

எனக்குப் புரிந்துவிட்டது. இதுதான் தீர்ப்பு. ரயில் என்னிடம் வந்தால் அது என்னை மன்னித்துவிட்டது. நாயே மன்னித்த பிறகு இவள் எந்த முகத்தோடு மன்னிக்காமல் இருப்பாள்? மூளை பளிச்சென்று வேலை செய்தது. காலையில் சட்டைப் பையில் ரெண்டு பிஸ்கட் வைத்துக்கொண்டேன். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு ரயிலைத் தயார் செய்யப் போனேன், வந்து போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி நடைகூடத்தில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தது. அந்தக் கோடியில் மனைவி, இந்தக் கோடியில் நான், நடுவில் டாக்டர். ரயிலை மெல்ல இறக்கி, கையை எடுத்தார்.

ரயில் நின்றது. பின்னங்கால்கள் கிடுகிடுவென்று நடுங்கின. நிஜமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு பிஸ்கட் ஞாபகமே இல்லை. நடந்துடு என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். யார்கிட்ட வேணா போ, நடந்துடு.

ஓர் அடி வைத்தது. வலது பின்பாதம் மடங்குமா? மடங்கவில்லை. அடிப்பாதம் சரியாகப் பதிந்தது. அடுத்த அடி வைத்தது. நகம் உரசவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ரயில் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து, இடுப்பை ஆட்டி ஆட்டி, நேராக என்னிடம் வந்தது. நான் மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் முதல் பிஸ்கட்டைக் கொடுத்தேன்.

"பார்த்தியா! என்கிட்டதான் வந்தது!"

"பார்த்தேன்," என்றாள் மனைவி.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். "அப்ப முடிவாயிடுச்சு. இனிமே மூணு மாசம் நடைப் பயிற்சி. தினம் நாலு வேளை. முதல் வேளை காலையில அஞ்சு மணிக்கு. கழுத்துப் பட்டை கூடாது, நெஞ்சுப் பட்டை போடணும். ஒரு வாரம் அஞ்சு அஞ்சு நிமிஷம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். ஆள் மாறினா இது மிரண்டு ஓடும், மறுபடி முதுகு போயிடும். அதனால யார்கிட்ட தானா வருதோ அவங்கதான் கூட்டிட்டுப் போகணும்னு உங்க வீட்டம்மா போன வாரமே யோசனை சொன்னாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டது."

"டாக்டர், மழை பெஞ்சா?"

"குடை இருக்குமே சார்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். "எனக்கு எங்க குடுத்து வெச்சிருக்கு? அதுக்கு உங்க மேலதானே உசுரு."

ரெண்டாவது பிஸ்கட்டும் தீர்ந்திருந்தது. ரயில் விடுவதாக இல்லை. மறுபடி என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்து, மூணாவதாக ஒரு பிஸ்கட்டைக் கவ்வி எடுத்தது.

நான் வைத்தது ரெண்டுதான்.

மனைவி குனிந்து ரயிலின் நெஞ்சுப் பட்டையைச் சரிசெய்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ரெண்டு பத்தாதுன்னு தோணிச்சு."